நிலம் மீள மரம் என்ன செய்யும்?

இந்தியாவின் மொத்தப் பரப்பில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு சீரழிந்த நிலம். இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் 2021இல் வெளியிட்ட நிலவரைத் தொகுப்பு 9 கோடியே 78 லட்சம் ஹெக்டேர் என்று கணக்குச் சொல்கிறது. மேல்மண்ணை மழைநீர் அரித்துக்கொண்டு போனது முதல் காரணம், செடிகொடி அழிந்தது அடுத்த காரணம். காற்றரிப்பும் உப்பும் அவற்றுக்குப் பின்னால் வருகின்றன. சீரழிந்த நிலத்தில் 2 கோடியே 60 லட்சம் ஹெக்டேரை 2030க்குள் மீட்பதாக, 2019இல் தில்லியருகே நடந்த ஐ.நா. பாலைவனமாதல் தடுப்பு மாநாட்டில் இந்தியா அறிவித்தது. தமிழ்நாடு 2022இல் பசுமை இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத்தின் பசுமைப் பரப்பைப் பத்தாண்டுகளில் 33 விழுக்காட்டுக்கு உயர்த்தப்போவதாகச் சொன்னது.

நல்ல அறிவிப்புகள்தான். ஆனால் இவை மாவட்டத்துக்கும் ஊராட்சிக்கும் இறங்கி வரும்போது கன்றுகளின் எண்ணிக்கையாகச் சுருங்கிவிடுகின்றன. ஒரே நாளில் இத்தனை லட்சம் கன்று நட்டோம் என்று படத்தோடு செய்தி வருகிறது. அவற்றில் ஐந்தாவது கோடையைத் தாண்டியவை எத்தனை, அந்த நிலத்தில் பெய்த மழையில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கியது என்று யாரும் எழுதுவதில்லை. மரத்தால் நிலம் மீளும் என்பதில் எனக்கு ஐயமில்லை. மீண்ட நிலங்களைத் தேடிப் படித்ததில் ஒன்று மட்டும் திரும்பத் திரும்பத் தெரிகிறது: நிலத்தைக் கெடுத்தது எது என்று கண்டு, அதை நிறுத்திய இடங்களில்தான் மரம் வேலை செய்திருக்கிறது. மற்ற இடங்களில் கன்றும் காசும் போயின; சில இடங்களில் நிலம் முன்னைவிடக் கெட்டது.

வெறும் நிலத்தில் முதலில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். மழைத்துளி நேராக மண்ணில் விழும்போது மண்கட்டி உடைந்து பொடியாகிறது. பொடி மண்ணின் நுண்துளைகளை அடைத்துக்கொள்கிறது. வெயில் காய்ந்ததும் மேற்பரப்பு ஓடாக இறுகுகிறது. அடுத்த மழைக்கு உள்ளே இறங்க வழியில்லை. மேலோடி, கூடவே மண்ணையும் இழுத்துக்கொண்டு போகிறது. விதை விழுந்தாலும் ஓட்டின் மேல் தங்காது. வருடத்துக்கு வருடம் இந்தச் சுழற்சி இறுகிக்கொண்டே வரும்.

மரத்தின் தழைக்கூரை மழையைத் தாங்குவதால்தான் மண் பிழைக்கிறது என்று பொதுவாக நம்புகிறோம். அது பாதி உண்மைதான். தேக்குத் தோப்பைப் பாருங்கள். அகன்ற இலையில் சின்னத் துளிகள் சேர்ந்து பெரிய துளியாகி, பதினைந்து இருபது மீட்டர் உயரத்திலிருந்து விழுகின்றன. தரையில் சருகு கிடந்தால் பாதகமில்லை. சருகைத் தீ தின்றுவிட்டாலோ, கூட்டி அள்ளிவிட்டாலோ, தேக்கின் அடியில் மண் வெட்டவெளியைவிட மோசமாக அரிபடும். மண்ணைக் காப்பது காலடியில் கிடக்கும் சருகும் அதன்கீழ் முளைக்கும் புல்பூண்டும்தான். சருகைத் தின்னக் கறையானும் மண்புழுவும் வருகின்றன. அவை குடைந்த வழியில் நீர் இறங்குகிறது. செத்த வேர் மக்கிப் போன இடத்திலும் ஒரு குழாய் மிஞ்சுகிறது. பயறுக் குடும்பத்து மரங்களின் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குக் கொண்டுவருகின்றன. ஆக, மரம் தனியாளாக நிலத்தை மீட்பதில்லை. மீட்கும் கூட்டத்தை அழைத்துவந்து குடியேற்றுகிறது. கூட்டம் வந்து தங்க முடியாத இடத்தில் மரம் மட்டும் நின்று பயனில்லை.

இதைக் கண்ணெதிரே காட்டும் இடம் புதுச்சேரிக்கு வடக்கே, கடலோரமாக எழும் செம்மண் மேட்டு நிலம். ஆண்டுக்கு 1200 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் பகுதி அது. வறண்ட சீமை இல்லை. ஆனால் அந்த மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பழைய காடு போய், ஆடுமாடும் விறகு வெட்டும் மிச்சத்தையும் துடைத்த பிறகு, அத்தனை நீரும் செம்மண்ணைக் கரைத்துக் கடலில் சேர்த்தது. அங்கே ஊர் வறண்டதற்கு மக்கள் சொல்லிவந்த காரணம் சாபம்: இரும்பை மாகாளேசுவரர் கோயிலில் கடுவெளிச் சித்தர் அவமானப்பட்டதும் அவர் சினந்ததும் இன்றும் சொல்லப்படும் கதை. 1968 பிப்ரவரி 28இல் ஆரோவில் தொடங்கியபோது அங்கே இருந்தது பிளவுபட்ட ஓடைகளும் மொட்டைச் செம்மண்ணும்தான்.

அங்கே முதலில் செய்த வேலை வரப்புப் போடுவது. குயிலாப்பாளையம், கோட்டக்கரை, இடையஞ்சாவடி போன்ற சுற்றுக் கிராமங்களின் ஆண்களும் பெண்களும் மண்வெட்டியும் கூடையுமாக நின்று, சரிவுக்குக் குறுக்கே கரை கட்டினார்கள். ஓடைகளில் தடுப்பு எழுந்தது. பெய்த இடத்திலேயே மழை நிற்கட்டும் என்பதே நோக்கம். இரண்டாவது வேலை ஆடுமாட்டைத் தடுப்பது. கன்று அதற்குப் பிறகு. வெயிலும் கெட்ட மண்ணும் தாங்கும் ஆஸ்திரேலிய அகேசியா ஒன்று முன்னோடியாகப் பெருமளவில் நடப்பட்டது. அது விரைவில் வளர்ந்து நிழல் கொடுத்தது, சருகு கொட்டியது, மண்ணில் நைட்ரஜன் சேர்த்தது. அதன் நிழலில்தான் இம்மண்ணுக்குரிய வறண்ட பசுமைமாறாக் காட்டு மரங்கள் மெல்ல ஏறி வந்தன. சிலவற்றை ஆள் நட்டார், பலவற்றைப் பறவை நட்டது.

2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது அந்த அகேசியா மரங்கள் கூட்டங்கூட்டமாகச் சாய்ந்தன. ஆழமில்லாத வேர் அவற்றுக்கு. உள்ளூர் மரங்கள் கிளை முறிந்தாலும் பெரும்பாலும் நின்றன. அந்தப் புயல் பேரிழப்புதான். பலாவும் முந்திரியும் இழந்த கடலூர் விவசாயிகள் அதிலிருந்து எழவே பல வருடம் ஆயிற்று. ஆனால் காடு வளர்ப்பவர்களுக்கு அது ஒன்றைத் தெளிவாக்கியது: முன்னோடி மரத்தின் வேலை முடிந்துவிட்டது, அடுத்தவற்றுக்கு வெளிச்சம் திறந்துவிட்டது. அயல் மரம் என்றாலே விலக்கு என்போரும், வளர்கிறது என்பதற்காக எதையும் நடுவோரும் இந்த மேட்டு நிலத்தைப் பார்க்க வேண்டும். வேகமாக வளரும் மரத்துக்கு இங்கே ஓர் இடம் இருந்தது. அந்த இடத்துக்கு ஒரு முடிவும் இருந்தது.

ஆப்பிரிக்காவின் சாகேல் பகுதியில் நடந்தது இன்னும் பெரிது. 1970களின் பஞ்சத்துக்குப் பிறகு நைஜர் நாட்டில் கன்று நடும் திட்டங்கள் நிறைய வந்தன, கன்றுகள் பெரும்பாலும் செத்தன. ஆஸ்திரேலியரான டோனி ரினாடோ மராடி பகுதியில் இப்படி ஒரு திட்டத்தை நடத்திவந்தார். 1983இல் ஒருநாள், மணலில் வண்டி சிக்காமல் இருக்க டயரில் காற்றை இறக்க நின்றவர், பக்கத்துப் புதரின் இலையை உற்றுப் பார்த்தார். அது புதர் இல்லை. வெட்டுண்ட மரத்தின் தூரிலிருந்து கிளம்பிய துளிர். வயலெங்கும் அப்படித்தான் இருந்தது. மண்ணுக்குள் வேர்கள் உயிரோடு காத்துக்கிடந்தன. விவசாயி ஒவ்வொரு வருடமும் உழவுக்கு முன் துளிரை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். செய்ய வேண்டியது எளிதாகத் தெரிந்தது: தூரில் கிளம்பும் துளிர்களில் சிலவற்றை மட்டும் விட்டு, பக்கக் கிளையைக் கழித்து, மேலே போகவிடுவது. நாற்றங்கால் வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

ஆனால் துளிரை விடுவது விவசாயிக்கு ஏன் தோன்றவில்லை? பிரெஞ்சுக் காலத்துச் சட்டத்தின் தொடர்ச்சியாக, வயலில் நிற்கும் மரமும் அரசுக்கே சொந்தம். வளர்த்தவர் வெட்டினால் அபராதம். வளரவிட்டால் தலைவலி, முளையிலேயே வெட்டினால் நிம்மதி. 1980களின் நடுவில் அந்தக் கெடுபிடி தளர்ந்து, வயலில் நிற்கும் மரம் தன்னுடையது என்று விவசாயி எண்ணத் தொடங்கிய பிறகே முறை ஊர்விட்டு ஊர் பரவியது. பின்னால் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டவர்கள் தெற்கு நைஜரில் ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேரில் மரம் கூடியிருப்பதைக் கண்டார்கள். அங்கே விவசாயிகள் விரும்பிக் காத்த மரங்களில் ஒன்று 'காவோ'. மழைக்காலத்தில் இலையை உதிர்த்துப் பயிருக்கு வெயிலை விட்டு, கோடையில் தழைத்து ஆட்டுக்கு நிழலும் காயும் தரும் விசித்திர மரம்.

பக்கத்து நாடான புர்க்கினா ஃபாசோவில் யாகுபா சவடோகோ என்ற விவசாயி இறுகிய நிலத்தில் குழி வெட்டினார். 'சாய்' என்று அங்கே சொல்லும் பழைய குழிமுறைதான். குழியைப் பெரிதாக்கி, கோடையிலேயே வெட்டி, எருவைப் போட்டு வைத்தார். எருவைத் தேடிக் கறையான் வந்து அடிமண்ணைக் குடைந்தது. முதல் மழை குழியில் நின்று இறங்கியது. சோளத்தோடு சேர்ந்து, எருவில் கிடந்த மர விதைகளும் முளைத்தன. அவற்றைப் பிடுங்காமல் விட்டதில் ஒரு காடே எழுந்தது. ரினாடோவுக்கும் சவடோகோவுக்கும் 2018இல் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. சவடோகோ 2023 டிசம்பரில் மறைந்தார். அவர் வளர்த்த காட்டின் ஒரு பகுதியை அருகிலிருந்த நகரத்தின் விரிவாக்கம் அவர் காலத்திலேயே எடுத்துக்கொண்டது.

நம் கொங்கு நாட்டில் இந்த அறிவு பல தலைமுறையாக இருக்கிறது. கரூர், காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டை மேய்ச்சல் நிலம் என்று மட்டும் சொல்வது போதாது. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள். வெள்வேலங்காயை மாடும் ஆடும் தின்கின்றன. விதை சாணத்தோடு விழுந்து முளைக்கிறது. கிளுவை வேலி இருப்பதால் ஒரு காட்டை ஓயவிட்டு இன்னொரு காட்டில் மேய்க்க முடிகிறது. பெரிய மழை கிடைக்காத அந்தச் சீமையில் காங்கேயம் காளை வளர்ந்தது இந்த ஏற்பாட்டில்தான். அரசுத் திட்டம் எதுவும் கட்டியதில்லை இது. நிலம் ஒருவருக்குச் சொந்தம், வேலி அவர் கட்டியது, மரத்தின் பலன் அவர் மாட்டுக்கு. நிலமீட்புக்குப் புதிய மாதிரி தேடுகிறவர்கள் இதைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பேன். ஆனால் இன்று கொறங்காடுகள் மனையாகவும் காற்றாலைத் தளமாகவும் மாறிவருகின்றன.

மரத்தின் குணம் ஒன்றாகவே இருக்க, நிலத்தின் நோய் மாறும்போது மருந்து நஞ்சாவதும் உண்டு. இதற்குச் சீமைக் கருவேலத்தைவிட நல்ல சான்று கிடையாது. வேலிக்காத்தான் என்றும் சொல்லும் இந்த மரம் 1877இல் ஜமைக்கா விதையிலிருந்து அன்றைய சென்னை மாகாணத்துக்கு வந்தது. அரியானாவின் கர்னாலில் உள்ள மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிறுவனம், கார-அமில அளவு (pH) 10ஐத் தாண்டிய களர் நிலத்தில் இதைத்தான் நம்பி நட்டது. அங்கே செய்தது சும்மா குழி தோண்டும் வேலை இல்லை. நிலத்தடியில் சுண்ணாம்புக் கட்டிகள் ஓர் அடுக்காக இறுகிக் கிடக்கும். துரப்பணம் போட்டு, ஒரு மீட்டருக்கும் ஆழமாக அந்த அடுக்கைத் துளைத்து, துளையில் ஜிப்சமும் தொழுவுரமும் கலந்த மண்ணை நிரப்பி, அதன்மேல் கன்றை வைத்தார்கள். வேர் கீழே இறங்கியதும் சருகு விழுந்தது, காரம் குறைந்தது, பின்னால் அந்த மண்ணில் வேறு பயிர் வைக்க முடிந்தது.

அதே மரம் இராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் விருதுநகரிலும் கண்மாய்க்குள்ளும் வரத்துக்காலிலும் தரிசிலும் புகுந்து, கீழே எதையும் வளரவிடாமல் நிற்கிறது. ஆடும் மாடும் அதன் காயைத் தின்று, சாணம் விழும் இடமெல்லாம் விதைக்கின்றன. நீதிமன்றம் அகற்றச் சொல்கிறது. 2022இல் தமிழக அரசு அயல் ஊடுருவித் தாவரங்களுக்கென்றே கொள்கை வகுத்தது. ஆனால் அந்த மாவட்டங்களில் மழை பொய்த்த வருடம் அடுப்பு எரிந்தது இந்த மரத்தால்தான். வெட்டிய கட்டையைக் கூம்பாக அடுக்கி, தழை போர்த்தி, மண் பூசி, உச்சியில் நெருப்பு வைக்கிறார்கள். கரிமூட்டத்தின் புகை நிறம் மாறும்வரை இரவும் பகலும் காவல். மண்பூச்சில் விரிசல் கண்டால் உடனே அடைக்க வேண்டும், காற்று புகுந்தால் கரி சாம்பலாகிவிடும். அந்தக் கூலியில் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் உண்டு. பொக்லைன் வைத்துப் பிடுங்கிய இடத்தில் வேறு எதையும் வைக்காமல் போனால், இரண்டு மழைக்குள் தூரும் விதையும் மீண்டும் கிளம்புகின்றன. பிடுங்குவதற்கு நிதி இருக்கிறது; அடுத்த மூன்று வருடம் முளையைக் களைவதற்கு இல்லை.

தைல மரத்தின் கதையும் இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது. மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமைக்காகத் தைல மரக் காடுகளை அழித்தார்கள். ஆழத்து நீரை உறிஞ்ச ஆளில்லாமல் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது, கூடவே உப்பும் மேலே வந்து வயல்கள் வெளுத்தன. அங்கே தைல மரத்தைத் திரும்ப நடுவது வைத்தியம். புதுக்கோட்டையில் அதே மரத்தின் தாகமும், தோட்டத்துக்குள் வெட்டிய அகழிகளும் கண்மாய்க்கு வரவேண்டிய நீரை நிறுத்திவிட்டன என்பது விவசாயிகளின் நெடுநாள் வழக்கு. நீர் கூடிப்போன நிலத்துக்கும் நீருக்கு ஏங்கும் நிலத்துக்கும் ஒரே மரத்தை எழுதிக்கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

மரம் நட்டால் மழை வரும், ஊற்று பெருகும் என்பது நம் ஊரில் பள்ளிப் பாடம். நீரைப் பொறுத்தவரை விடை அத்தனை எளிதல்ல. புர்க்கினா ஃபாசோவில் ஷியா மரங்கள் நிற்கும் நிலத்தை அளந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, மரமே இல்லாத நிலத்திலும் மரம் நெருங்கிய நிலத்திலும் நிலத்தடிக்குப் போகும் நீர் குறைவு என்றும், நடுத்தர அளவில் மரம் நிற்கும் நிலத்தில்தான் மிகுதி என்றும் கண்டது. மரமில்லாவிட்டால் நீர் ஓடிவிடுகிறது. மிகுந்தால் மரமே குடித்துவிடுகிறது. கொறங்காட்டின் இடைவெளி இப்போது இன்னும் பொருளுள்ளதாகத் தெரிகிறது. சீனத்தின் மஞ்சள் மண் மேட்டில் படிக்கட்டு வயலும் தடுப்பணையும் மரமும் புல்லும் சேர்ந்து மஞ்சள் ஆற்றில் கலக்கும் வண்டலைப் பல மடங்கு குறைத்தன. உலகமே வியந்த மீட்பு அது. ஆனால் அங்கே நடவு இனியும் கூடினால் மக்களுக்கும் வயலுக்கும் வேண்டிய நீரில் கை வைக்க நேரும் என்று 2016இலேயே ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள்.

மரமே இருக்கக் கூடாத நிலமும் உண்டு. இதை எழுதும்போது பலருக்கு வருத்தம் வரும், ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது. நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைகளுக்கு இடையே விரிந்த புல்வெளிகள் வெட்டவெளியாகத் தெரிந்ததால், வெள்ளையர் காலத்திலும் பின்னரும் சீகை, தைலம், பைன் என்று நட்டு நிரப்பினார்கள். பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தப் புல்வெளிதான் மழையைப் பிடித்து வைத்துச் சமவெளி ஆறுகளுக்கு விட்டுக்கொண்டிருந்தது. வரையாடு மேய்ந்ததும் அங்கேதான். குஜராத்தின் கச்சில், ரண் என்னும் உப்புப் பாலை முன்னேறாமல் தடுக்க 1960களில் சீமைக் கருவேலம் விதைக்கப்பட்ட பன்னி புல்வெளி, மால்தாரி மேய்ப்பர்களின் எருமைகளுக்கு மேய்ச்சல் இல்லாத முட்காடாகிக்கொண்டிருக்கிறது. 2019இல் சூரிச் ஆய்வாளர்கள் உலகில் இன்னும் 90 கோடி ஹெக்டேரில் மரம் வளர்க்க இடமுண்டு என்று கணக்கிட்டபோது, புல்வெளிகளையும் சேர்த்துவிட்டீர்கள் என்று கடும் மறுப்பு எழுந்தது. நம் வருவாய்ப் பதிவேட்டில் தரிசு என்று எழுதிய நிலம் பலவும் யாரோ ஒருவரின் ஆட்டுக்கு மேய்ச்சலாக இருப்பவை. அங்கே வேலி போட்டுக் கன்று நட்டால், மேய்ப்பவர் அடுத்த சரிவுக்குப் போவார். அந்தச் சரிவு கெடும்.

நடவு தோற்பதற்கு அலையாத்திக் காடுகளைவிடக் கண்கூடான பாடம் வேறில்லை. ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் ஆயிரம் ஹெக்டேருக்கும் மேல் கண்டல் கன்றுகள் நடப்பட்டன. பிழைத்தது ஐந்தில் ஒரு பங்கு அளவே. ஆராய்ந்த 23 இடங்களில் ஒன்பதில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. அலை ஏறி இறங்கும் மட்டம் பார்க்காமல், கிடைத்த சேற்றில் குத்திவிட்டதும், பிறகு திரும்பிப் பார்க்காததும் காரணம். பிச்சாவரத்தில் வேறு விதமாக நடந்தது. அங்கே முன்பு காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டியதில், வெயில் பட்ட மண் காய்ந்து அமுங்கித் தொட்டிபோலக் குழிந்திருந்தது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற முடியாமல் தேங்கிக் காய, உப்பு ஏறி எதுவும் முளைக்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டின: நடுவே ஒரு பெருங்கால், இருபுறமும் சாய்வாகக் கிளைக்கால்கள். ஏற்றவற்றத்தில் நீர் வந்து போகத் தொடங்கியது, உப்பு கழுவுண்டது. அதன்பின் கால் ஓரங்களில் நட்ட வெண்கண்டல் எழுந்து நின்றது. கன்றின் செலவைவிடக் கால்வாயின் செலவுதான் காட்டை மீட்டது.

இமாசலப் பிரதேசத்தின் காங்க்ரா மாவட்டத்தில் பல பத்தாண்டுகளாக நடந்த அரசு நடவுகளை 2021இல் மதிப்பிட்டவர்கள், மரப்பரப்பு கூடியதற்கோ மக்களின் பிழைப்பு மேம்பட்டதற்கோ சான்று காணவில்லை. காங்க்ராவில் நட்ட ஆட்கள் நேர்மையில்லாதவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. எண்ணிக்கையைக் கேட்கும் திட்டம் எண்ணிக்கையைத்தான் தரும். ஒரு கன்றுக்கு ஒதுக்கும் பணத்தில் குழிக்கும் நடவுக்கும் பெரும்பங்கு போய்விடுகிறது. இரண்டாம் மூன்றாம் கோடைக்குத் தண்ணீர், ஆடு மறிக்கும் ஆளுக்குக் கூலி, செத்த இடத்தில் மறுநடவு என்பவற்றுக்கு மிச்சமில்லை. பலன் யாருக்கு என்ற கேள்வியும் தீரவில்லை. தமிழ்நாட்டில் பட்டா நிலத்தில் வளர்ந்த சந்தன மரமும் 2002இல் சட்டம் திருத்தப்படும்வரை அரசுக்கே உரியதாக இருந்தது. நைஜர் விவசாயி துளிரை வெட்டிய அதே காரணத்துக்காக நம் விவசாயியும் சந்தனக் கன்றைப் பிடுங்கினார். இன்றும் தன் நிலத்து மரத்தை வெட்டவும் ஏற்றிச் செல்லவும் அனுமதிக்கு அலைய வேண்டியிருக்குமோ என்ற அச்சம் பல மரங்களைப் பற்றி உண்டு. அந்த அச்சத்தைப் போக்குவது எந்த இலவசக் கன்றையும்விடப் பெரிய ஊக்கம்.

கடைசியாக விதை. கடலோரச் சமவெளியின் இயற்கைக் காட்டில் இருந்த பாலையும் வீரையும் காசாவும் இன்று பெரும்பாலும் ஐயனார் காடுகளில்தான் மிஞ்சியிருக்கின்றன. மரக்காணம் சாலையில் கீழ்புத்துப்பட்டு மஞ்சனீசுவரர் ஐயனார் கோயிலைச் சுற்றியுள்ள காடு அவற்றில் ஒன்று. எந்த மண்ணுக்கு எது உரியது என்பதற்கு எழுத்தில் இல்லாத ஆவணம் அது. இத்தகைய மரங்களின் விதை பலவும் நாட்பட வைத்தால் முளைக்காது. நமக்கு நன்றாகத் தெரிந்த வேம்பின் விதையே சில வாரங்களில் முளைப்புத் திறனை இழந்துவிடும். பழுத்த வாரத்தில் பொறுக்கி உடனே போட்டால்தான் கன்று. டெண்டர் முடிந்து ஆவணியில் நாற்றங்காலுக்கு விதை தேடினால் கிடைப்பது வேகமாக வளரும் நாலைந்து மரங்கள்தான். அவையே பிறகு மாவட்டம் முழுக்க நிற்கும். கோயிலுக்குச் சுற்றுமண்டபமும் வண்டி நிறுத்துமிடமும் கட்டுவதற்காக இந்தக் காடுகளின் ஓரம் வருடந்தோறும் குறைகிறது. ஒவ்வொரு வட்டாரத்திலும் மிஞ்சிய தாய்மரங்களைக் குறித்து, அவை பழுக்கும் மாதத்தை எழுதி, விதை பொறுக்குகிறவருக்குக் கூலி ஒதுக்கும் வேலையை நாற்றங்கால் கணக்குக்கு முன்னால் தொடங்க வேண்டும். அந்தப் பட்டியலைச் சொல்லத் தெரிந்த பூசாரிகளும் ஆடு மேய்ப்பவர்களும் இன்னும் ஊரில் இருக்கிறார்கள்.